கார்வினுக்குத் தெரிந்த மூன்று புள்ளிகள்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். கிடைக்கவெல்லாம் இல்லை. இது நான் செய்த காரியம்.

மொன்டானாவில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில், துப்பாக்கியும் தூண்டிலும் குதிரைத் தீனியும் விற்கும் கடையில் பத்தொன்பது வருடமாக நிற்கிறேன். என் வசம் இருப்பது கண்ணாடிப் பெட்டி. பைனாகுலர், துப்பாக்கிக்குக் குறிபார்க்கும் சாமான்கள், அவற்றுக்கான பாட்டரிகள். சண்முகசுந்தரம் என்ற பெயரை ஊர் 'ஷான்' என்று நறுக்கிக்கொண்டது. நானும் வலிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இதைத் தமிழில் எழுதுவதை மொழிப்பற்று என்று நினைத்துவிடாதீர்கள். சுற்றிலும் இருநூறு மைலுக்குத் தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் கிடையாது. அதுதான் காரணம்.

2

முதல் வரிக்கே ஒரு வாரம் போனது. அடித்தவற்றை அப்படியே விட்டு வைக்கிறேன்.

"பனி உருகத் தொடங்கிய ஏப்ரலில், மலைகள் தங்கள் வெள்ளைப் போர்வையை—" [வேண்டாம். பனியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டால் மற்றதை எழுதாமல் தப்பித்துவிடலாம் என்று கை ஆசைப்படுகிறது.]

"கார்வின் ஸ்டென்ஸ்லி ஒரு கோழை என்று ஊர் முடிவு செய்தது." [உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்களும் ஊரோடு சேர்ந்துகொள்வீர்கள்.]

"கடைக்காரன் நல்லவன்தான், ஆனால்" [இந்த 'ஆனால்' இருக்கிறதே.]

கடைசியில் நின்றது இது: துப்பாக்கியின் முன்குறி கண்ணுக்குத் தெரியாமல் போனபோது கார்வினுக்கு அறுபத்துமூன்று வயது.

இனிமேல் கதை. கடைக்காரனை 'அவன்' என்றே எழுதப்போகிறேன். வெட்கத்தால் அல்ல. கொஞ்சம் தள்ளி நிறுத்தினால்தான் திட்ட வசதி.

3

கார்வின் முப்பது வருடம் அரசாங்கச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். எதிரே ஒரு கை நீளம் தெரியாத பனிப்புயலில் ஓட்டிப் பழகியவருக்கு, இப்போது கை நீட்டினால் துப்பாக்கிக் குழல் நுனியில் குறிபார்க்க இருக்கும் முன்குறி மங்கலாகத் தெரிந்தது. கோபம் வந்தது. வேறொருவராக இருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

அவர் லேசாக எடுத்துக்கொண்டு போகிற விஷயமில்லை அது. ஒவ்வொரு அக்டோபரிலும் கார்வினும் தம்பி டெல்லும் எல்க் மான் வேட்டைக்கு மேலே போவார்கள். மான் விழுந்ததும் வேலை இரண்டாகப் பிரியும். ஒருவன் அறுப்பான், ஒருவன் நிற்பான். துப்பாக்கிச் சத்தமும் ரத்த வாடையும் கிரிஸ்லிக் கரடிக்குச் சாப்பாட்டு மணி. அறுக்கிறவன் குனிந்தே இருப்பான். அவனுக்கு முதுகைக் காட்டிக் காட்டைப் பார்த்து நிற்கிறவன்தான் அவனுடைய கண். நிற்கிறவன் கத்தியைத் தொடக்கூடாது, கதை பேசக்கூடாது. டெல் கடைத்தெருவில் இறைச்சி வெட்டும் வேலை பார்த்தவன், கை வேகம். அதனால் இருபத்தாறு வருடமாக நின்றது கார்வின்.

இந்த ஊரில் ஒருவருக்கு மான் வேட்டைக்கான அனுமதிச் சீட்டு குலுக்கலில் விழுந்தால் முதலில் கேட்கும் கேள்வி, "யாரு நிக்கிறா உனக்கு?" என்பதுதான்.

ஏப்ரலில் ஒருநாள் அண்ணன் தம்பி இருவரும் கடைக்கு வந்தார்கள். கார்வின் தன் பத்து மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியை, மார்பில் மாட்டும் உறையோடு கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார்.

"இதுக்கு ஒரு ரெட் டாட் மாட்டணும். நல்லதா எடு."

ரெட் டாட் என்பது துப்பாக்கி மேல் உட்காரும் சின்னக் கண்ணாடி. உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி மிதக்கும். புள்ளி எதன் மேல் இருக்கிறதோ அங்கே குண்டு போகும். முன்குறியையும் பின்குறியையும் சேர்த்து வைத்துக் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை.

"திறந்த மாடல் வேண்டாம்," என்றான் கடைக்காரன். "உள்ள பனி விழுந்தா, பைன் ஊசி ஒண்ணு போய் உக்காந்தா, புள்ளி போச்சு. நாலு பக்கமும் மூடினது எடுங்க. கையுறையோட அமுக்கற மாதிரி பெரிய பட்டன் இருக்கணும்."

"புள்ளி சின்னதா பெரிசா?"

"பெரிசு. கரடி என்ன சுட்டுப் பழகற அட்டையா, நடுவுல பாத்துச் சுடறதுக்கு?"

டெல் சிரித்தான். "இவனுக்குப் பெரிசாவே குடுப்பா. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிருந்தான்."

"பாட்டு எனக்கு மனப்பாடம்டா. உன்னை மாதிரி வாயை மட்டும் அசைக்கல."

சரியான சாமானை எடுக்கத் தெரிந்தவன் கடைக்காரன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. [தன்னை நியாயப்படுத்தும் முதல் வாக்கியம். எண்ணிக்கொண்டே வாருங்கள்.]

4

பத்து நாளில் கார்வின் திரும்பி வந்தார்.

"புள்ளி உடைஞ்சிருக்கு. நசுங்கின தக்காளி மாதிரி வால் நீளுது."

கடைக்காரன் வாங்கிப் பார்த்தான். அவன் கண்ணுக்கு உருண்டையாகத்தான் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் வேறு கம்பெனி சாமான் கொடுத்தான். மே மாதம் அதுவும் திரும்பியது. மூன்றாவது ஜூனில்.

இந்த ஊர் ஆண்களுக்குக் கண் கெடாது, கண்ணாடிதான் கெடும். முதுகு வலிக்காது, வண்டி சீட்டுதான் சரியில்லாமல் போகும். திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்குவார்கள். கார்வினும் அப்படித்தான் நினைத்தார். நினைத்ததில் தப்பில்லை, அவர் காலமெல்லாம் அப்படித்தான் நடந்திருக்கிறது.

* இங்கே ஒரு தொழில் ரகசியம். ரகசியம் என்று சொல்வதே அதிகம், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கும் எவனுக்கும் தெரியும். சிலருடைய விழி உருண்டையாக இல்லாமல் கொஞ்சம் கோணலாக இருக்கும். பகலில் மலையைப் பார்ப்பார்கள், மானைப் பார்ப்பார்கள், ஒரு குறையும் தெரியாது. பளிச்சென்ற சின்ன வெளிச்சத்தைப் பார்த்தால் மட்டும் அது வால் விடும், இரண்டாகும், மூன்றாகும். தப்பு சாமானிலா கண்ணிலா என்று கண்டுபிடிக்க, செல்போனால் அந்தக் கண்ணாடியைப் படம் பிடித்தால் போதும். போனுக்கு விழிக் கோணல் கிடையாது. படத்தில் புள்ளி உருண்டையாக வந்தால், பிசகு பார்க்கிறவர் கண்ணில்.

ஜூனில் அன்றைக்குக் கடையில் கூட்டம். டெல் இருந்தான். குதிரைத் தீனி வாங்க வந்த இரண்டு பேர் முழங்கையை ஊன்றி வேடிக்கை பார்த்தார்கள். கடைக்காரன் மூன்றாவது சாமானைப் படம் பிடித்தான். போனில் புள்ளி அழகாக, உருண்டையாக இருந்தது.

"என்ன தெரியுது?" என்றார் கார்வின்.

அவன் பதில் சொல்லுமுன் தீனிக்காரர்களில் ஒருவன், "மூணு சாமானும் கெட்டுப்போச்சா, இல்ல கார்வின் கெட்டுப்போயிட்டாரா?" என்றான்.

கார்வினும் சிரித்தார். ஆனால் கடைக்காரனைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "ஏம்பா ஷான், நீதான் சொல்லேன். என் கண்ணுலயா கோளாறு?"

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"உங்களுக்கா? கழுகுக் கண்ணு உங்களுக்கு. சாமான்தான் இப்பல்லாம் சரியில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். கார்வின் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். நாலாவது சாமானை எடுத்து வைத்தான். கடையின் ட்யூப் லைட் வெளிச்சத்தில், புள்ளியின் பிரகாசத்தைக் குறைத்து வைத்துக் காட்டினான். மங்கலான புள்ளி அவ்வளவாக வால் விடாது. அதுவும் அவனுக்குத் தெரியும்.

"இது தேவலை," என்றார் கார்வின். "இதான் புள்ளி."

5

[இந்தப் பகுதியில் கடைக்காரன் ஏன் அப்படிச் சொன்னான் என்று எழுத வேண்டும். எழுதிப் பார்த்தவை: முதலாளிக்குப் பயந்தான். வெளியூர்க்காரன், பெரிய மனிதரை நாலு பேர் நடுவில் குறை சொல்ல முடியுமா. கண் மருத்துவம் அவன் வேலை இல்லை. மூன்றும் கேட்க நன்றாக இருக்கின்றன. மூன்றும் பொய்.]

அவர்கள் சிரிப்பில் அவனையும் சேர்த்துக்கொண்டார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். பத்தொன்பது வருடத்தில் அந்தத் தோள்தட்டு எத்தனை முறை கிடைத்தது என்று அவனால் விரல் விட்டுச் சொல்ல முடியும். அதற்கு ஆசைப்பட்டு ஒரு மனுஷனுக்கு அவன் கண்ணைப் பற்றிப் பொய் சொன்னான். எவ்வளவு அற்பம் பாருங்கள்.

அவன் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரி: 'உங்களுக்குப் புள்ளி மூணாத்தான் தெரியும் கார்வின், தேடாதீங்க, மூணையும் கரடி மேல வெச்சுச் சுடுங்க.' இதற்குப் படிப்பு வேண்டாம், தைரியம்கூடப் பெரிதாக வேண்டாம்.

6

அக்டோபர் பதினொன்று, மேகம் மூடிய காலை. இந்த இடத்துக்கு நான் போனதில்லை. கார்வின் பின்னால் சொன்னதும் டெல் சொன்னதும் வைத்து எழுதுகிறேன்.

மான் சரிவில் விழுந்தது. டெல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மண்டியிட்டான். கார்வின் அவனுக்கு முதுகு காட்டி நின்றார். வானம் இருண்டு கிடந்ததால், தெளிவாகத் தெரியட்டும் என்று புள்ளியின் பிரகாசத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். வெயிலில் சுட்டுப் பழகியபோதெல்லாம் புள்ளி மங்கித் தெரிந்ததால், கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருந்தது.

கத்தி தோலைக் கிழிக்கும் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. முன்னால் வில்லோப் புதர் அசைந்தது. கரடி உறுமவில்லை, எழுந்து நிற்கவில்லை. காதை மடக்கிக்கொண்டு நேராக ஓடி வந்தது. இருபது அடி தூரத்தில் அது கார்வினை விட்டு விலகி, ரத்தம் இருந்த பக்கம் திரும்பியது.

கார்வினும் கூடவே திரும்பி, துப்பாக்கியை நேரத்துக்கு உயர்த்திவிட்டார். இதை அடிக்கோடிடுகிறேன். கை நடுங்கவில்லை, கால் பின்வாங்கவில்லை. கண்ணாடிக்குள் பார்த்தார். மூன்று புள்ளிகள் இருந்தன. ஒன்று கரடியின் தோளில், ஒன்று காற்றில், ஒன்று டெல்லின் முதுகில்.

எது நிஜம்?

கழுகுக் கண் உள்ளவருக்கு, நல்ல சாமானில், ஒன்றுதான் நிஜமாக இருக்க முடியும். அவர் அந்த ஒன்றைத் தேடினார். இரண்டு நொடி தேடினார். தம்பியின் முதுகில் இருப்பது நிஜப் புள்ளியாக இருந்துவிட்டால் என்ற ஒரே எண்ணம்தான் அந்த இரண்டு நொடியும்.

பிறகு சுட்டார். நாலு குண்டு, நாலும் கரடி மேல். கரடி செத்தது. அதற்குள் டெல்லின் இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது.

7

"புள்ளி மூணாத் தெரிஞ்சுதுடா," என்று ஆஸ்பத்திரியில் கார்வின் தம்பியிடம் சொன்னார்.

டெல் கட்டுப் போட்டிருந்த முழங்கையைத் தலையணை மேல் தூக்கி வைத்தான். "கடையில ஒண்ணாத்தான தெரிஞ்சுது?"

"ஆமா."

"சுட்டுப் பாத்தப்ப?"

"அப்பவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

"அப்புறம் என்ன, பயந்துட்டேன்னு சொல்லிட்டுப் போயேன். பயந்தவனை நான் மன்னிச்சுடுவேன். கதை கட்டறவனை என்னால முடியாது."

கார்வின் யோசித்தார். யோசிக்க யோசிக்கத் தம்பி சொல்வதுதான் சரி என்று பட்டது. பயத்தில் மனிதனுக்கு என்னென்னவோ தெரியும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். ஒருவேளை அப்படித்தான் இருக்கும். ஆனால் பயந்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை, அதனால் அந்த வார்த்தையைச் சொல்லவும் வாய் வரவில்லை. டெல் அதற்குப் பிறகு அண்ணனோடு பேசவில்லை.

ஊர் வெளிப்படையாக எதுவும் சொல்லாது. காபிக் கடையில் அவருக்கு இடம் விடுவார்கள், மழை வருமா என்று பேசுவார்கள். வேட்டைப் பேச்சு மட்டும் அவர் உள்ளே வந்ததும் நின்றுவிடும். ஒருநாள் அந்தத் தீனிக்காரன் எழுந்து போகிறபோது சொன்னான்: "கார்வின், என் வண்டிக்குக் கொஞ்சம் காவல் நில்லேன். நாய் வந்தா ரெண்டு நொடி யோசிச்சுட்டு விரட்டு."

கார்வின் பான்கேக்கை வெட்டிக்கொண்டே இருந்தார். தட்டு காலியான பிறகும் வெட்டிக்கொண்டிருந்தார் என்று பரிமாறும் பெண் சொன்னாள்.

[கடைக்காரன் அங்கே இல்லை என்று எழுதியிருந்தேன். இருந்தான். இரண்டு மேஜை தள்ளி முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.]

8

மார்ச்சில் டெல் கடைக்கு வந்தான். ஒற்றைக் கையால் ஒரு துணிப்பையைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தான். உள்ளே கார்வினின் கைத்துப்பாக்கி, மேலே அந்த நாலாவது ரெட் டாட்.

"என் வாசப்படியில வெச்சுட்டுப் போயிருக்கான். இனிமே அவனுக்கு வேணாமாம்."

"விக்கணுமா?"

"இல்ல." டெல் குரலைத் தாழ்த்தினான். கடையில் வேறு யாரும் இல்லை. "இதுல ஏதாவது பழுதிருக்கா பாரு. நல்லாப் பாரு. ஏற்கெனவே மூணு கெட்டுப்போச்சுல்ல? நாலாவதும் கெட்டிருக்கலாமில்ல?"

கடைக்காரன் அவனைப் பார்த்தான். கேட்பது சாமானைப் பற்றி அல்ல என்று தெரிந்தது. தன் அண்ணனைத் திருப்பிக் கொடு என்று கேட்கிறான் அந்த மனிதன்.

"ஒரு வார்த்தை சொல்லு ஷான். பழுதுன்னு சொல்லு. இப்படியே அவன் வீட்டுக்குப் போயிடறேன். இந்த அஞ்சு மாசமா எனக்கு யாரு பூட்ஸ் கயிறு கட்டிவிடறா தெரியுமா? என் பொண்டாட்டி. அவன் கட்டிவிட்டா நான் கூச்சப்பட மாட்டேன்."

கடைக்காரன் பொத்தானை அமுக்கி, சுவரில் இருந்த மான்தலையைக் குறிபார்த்தான். புள்ளி உருண்டையாக இருந்தது.

"பழுதில்ல, டெல்."

டெல் வாங்கித் தானும் பார்த்தான். அவன் கண் நல்ல கண்.

"ஒத்தப் புள்ளி," என்றான். "சுத்தமா இருக்கு. இதைக் கையில வெச்சுக்கிட்டா அவன் நின்னான்?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பழுதில்லை என்றது உண்மை. கடைக்காரன் அன்று பொய்யே சொல்லவில்லை. ஜூனில் உண்மை தேவைப்பட்டபோது பொய்யைக் கொடுத்தான், மார்ச்சில் பாதி உண்மையைக் கொடுத்து மீதியை விழுங்கிக்கொண்டான். அந்த ஜூன் படம் அவன் போனில் இன்னமும் இருக்கிறது. அழிக்கவும் இல்லை, காட்டவும் இல்லை.

சரி, போதும். இவ்வளவு தூரம் வந்த பிறகு 'அவன்' என்ன 'அவன்'. நான்தான்.

9

முடிவுகள்.

அ) நான் டெல்லின் பின்னால் ஓடுகிறேன். வண்டி நிறுத்துமிடத்தில் போனை எடுத்துப் படத்தைக் காட்டுகிறேன். அவன் இருக்கிற ஒரு கையால் என்னை அறைகிறான். பிறகு நேரே அண்ணன் வீட்டுக்குப் போகிறான். இரண்டு கிழவர்களும் அடுக்களையில் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். கார்வின் குனிந்து தம்பியின் பூட்ஸ் கயிற்றைக் கட்டுகிறார். [என் வாழ்நாளில் இவ்வளவு நன்றாக எழுதியதில்லை. எழுதி முடித்துவிட்டு அழுதேன். பிறகு எழுந்துபோய் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதனால்தான் கிழித்தேன்.]

ஆ) கார்வின் தானாகவே கண் டாக்டரிடம் போகிறார். டாக்டர் சொல்லிவிடுகிறார். [இதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பிடித்ததே அதற்காகத்தான்.]

இ) கார்வின் கடைசிவரை தன்னைக் கோழை என்று நம்பிக்கொண்டே [இது முடிவல்ல. நடந்துகொண்டிருப்பது.]

10

இதை எழுதும் நோட்டு கண்ணாடிப் பெட்டி மேல்தான் இருக்கும். ஆள் வந்தால் மூடக்கூட மாட்டேன். மூட அவசியம் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை கார்வின் வந்தார். பறவைத் தீனி ஒரு பை கேட்டார். இப்போதெல்லாம் அதுதான் வாங்குகிறார். இளைத்துவிட்டார். நோட்டைப் பார்த்தார்.

"உங்க ஊர் எழுத்தா?"

"ஆமா."

"என்ன எழுதற?"

"கதை."

"யாரைப் பத்தி?"

"சும்மா. ஊர்ல இருக்கற ஒரு ஆளைப் பத்தி."

"நல்லவனா?"

"நல்லவர்தான். கூட இருக்கறவன்தான் சரியில்ல."

சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்த்தேன். நோட்டைக் கையில் எடுத்து, முகத்துக்குப் பக்கத்தில் வைத்தார், தள்ளி வைத்தார், விளக்கடியில் சாய்த்துப் பிடித்தார். அவர் பிடித்திருந்தது ஆறாவது பகுதி. தம்பியின் முதுகில் புள்ளி இருந்த பக்கம்.

"ஷான், ஒண்ணு கேக்கறேன். எனக்கு ஒவ்வொரு எழுத்துக்குப் பக்கத்துலயும் இன்னொரு எழுத்து நிழல் மாதிரி தெரியுது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது." நோட்டிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தார். ஜூனில் பார்த்த அதே பார்வை. "உங்க எழுத்தே இப்படித்தானா? இல்ல என் கண்ணா?"

கடையில் வேறு யாரும் இல்லை. சிரிக்க ஆள் இல்லை, தோளைத் தட்ட ஆள் இல்லை. எந்தச் சாக்கும் இல்லை.

நான் சொன்ன பதிலுக்கு இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறேன். படிக்கத் தெரிந்தவர் நீங்கள். ஒன்றை அடித்துவிடுங்கள்.

"எழுத்து ஒண்ணுதான் கார்வின். உங்க கண்ணுதான். அன்னிக்கும் அதுதான்."

"ஆமா, எங்க எழுத்தே அப்படித்தான்."

பேனாவை எடுக்குமுன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவர் நோட்டை மூடி, இரண்டு கையாலும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். பறவைத் தீனிப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"அப்ப சரி," என்றார். "ஒரு நிமிஷம், என் கண்ணுதானோன்னு ஆசைப்பட்டுட்டேன்."